கேட்டில் ஒட்டிய இரண்டு காகிதங்கள்

(மாதுங்கா லேபர் கேம்ப்பில் நடந்த நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர்களில் ஒருவரான ரயில்வே குமாஸ்தா ஆற்றிய உரை)

 

இன்று பேச எடுத்துக்கொண்டது வறண்ட விஷயம். கடனுக்கு ஈடாக வைத்த சொத்தைப் பற்றிய சட்டத்தை மாற்றி எழுதினால் மாநில சர்க்காரின் கஜானாவுக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். இதைக் கேட்கவா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டீர்கள் என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. போன வாரம் சங்கக் கமிட்டியில் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். ஆனாலும் இதைப் பேசாமல் விட முடியாது. காரணத்தைச் சொல்கிறோம்.

2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தாணேக்கு அப்பால் ஒரு இரும்புப் பட்டறை மூடப்பட்டது. அறுபது பேருக்கு மேல் வேலை செய்த இடம். அதில் இருபத்திரண்டு பேர் நம்மவர்கள், பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தனி முதலாளி பெயரில் நடந்த தொழில். கம்பெனியாகப் பதிவு செய்தது கிடையாது. கொரோனா ஊரடங்கில் ஆர்டர் நின்றது, பிறகு சம்பளம் நின்றது. மூன்று மாத சம்பளம் பாக்கி. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒரு நாள் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கேட்டில் இரண்டு காகிதம் ஒட்டியிருக்கிறது. ஒன்று வங்கியின் காகிதம்: இந்த இடமும் கட்டடமும் இயந்திரங்களும் எங்கள் வசம் எடுக்கப்பட்டன என்று. மற்றது விற்பனை வரி இலாகாவின் காகிதம்: பழைய வரி பாக்கிக்காக ஜப்தி என்று. செய்தி கேட்டு நாங்கள் மூன்று பேர் ஷிப்டை மாற்றிக்கொண்டு போயிருந்தோம். அங்கே நின்ற ஒரு அக்கா, பட்டறையில் பதினோரு வருஷம் சாமான் பொறுக்கி அடுக்கியவர், இரண்டு காகிதத்தையும் எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, பாங்குக்காரன் காகிதம் இருக்கு, சர்க்கார் காகிதம் இருக்கு. நம்ம காகிதம் எங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. பதிலைத் தேடப் போய்த்தான் இந்தச் சட்டத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டோம்.

முதலில் ஈடு என்றால் என்னவென்று பார்ப்போம். நம் வீடுகளில் மூன்று வகையும் உண்டு. தாய்மார்கள் செயினையோ கம்மலையோ கடையில் வைத்துப் பணம் வாங்குகிறீர்கள். பொருள் கையை விட்டுப் போய்விடுகிறது, இது அடகு. நம் தம்பிமார்கள் ஆட்டோவும் டெம்போவும் கடனுக்கு எடுக்கிறார்கள். வண்டி நம்மிடம், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் என்று கடன் கொடுத்தவன் பெயர் ஏறியிருக்கிறது. தவணை கட்டி முடிக்கிறவரை வண்டியின் மேல் அவனுக்குப் பிடி உண்டு. மூன்றாவது, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்ற வசதியைக் கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களின் பெயரைச் சொல்லியே எழுதி வைத்தார்கள்; வேறு ஊர்களுக்கு மாநில சர்க்கார் அறிவித்தால் உண்டு. வெள்ளைக்காரன் வியாபாரம் செய்த துறைமுகங்கள் அவை. வியாபாரிக்குப் பணம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு.

பட்டறை முதலாளியும் இதைத்தான் செய்திருந்தார். இடத்தின் பத்திரம் வங்கியில். இயந்திரம், கையிருப்புச் சரக்கு எல்லாவற்றின் மேலும் வங்கியின் பிடி.

ஒருவனுக்கு நாலு பேரிடம் கடன், சொத்து ஒன்றுதான் என்றால், விற்ற பணத்தை முதலில் யார் எடுப்பது? வழக்கு முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதுதான். ரயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. கூட்ஸ் ஷெட்டில் சரக்கு வந்து கிடக்கிறது. சரக்கு வியாபாரியுடையது, அவனுக்கு ஆயிரம் கடன்காரர்கள். ஆனால் வாடகையும் வார்ஃபேஜும் கட்டாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 83-ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவன் வரிசையில் முன்னே நிற்கிறான். நாங்கள் கவுன்டரில் உட்கார்ந்து எத்தனையோ சேட்டுமார்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதே வரிசை நம் ஆட்களுக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது நினைக்கவில்லை.

இனி சர்க்காரின் இடத்துக்கு வருவோம். நீண்ட காலமாக மகாராஷ்டிர சர்க்கார் வரிசையில் தனக்கு முதல் இடம் போட்டு வைத்திருந்தது. 1959-ஆம் வருஷத்து பம்பாய் விற்பனை வரிச் சட்டத்திலும், அதற்குப் பின் வந்த 2002-ஆம் வருஷத்து மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்திலும் வரி பாக்கிதான் சொத்தின் மேல் முதல் பாத்தியதை என்று பிரிவு உண்டு. மும்பை மாநகராட்சிக்கும் அப்படியே. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 212-ஆம் பிரிவில் சொத்து வரிக்கு முதல் பாத்தியதை. வங்கிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2002-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த சர்ஃபாசி சட்டம், அதாவது வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே 60 நாள் நோட்டீஸ் கொடுத்துச் சொத்தைக் கைப்பற்றலாம் என்ற சட்டம், தங்களுக்கு முதல் இடம் தருகிறது என்பது அவர்கள் வாதம். 2009 பிப்ரவரியில் கேரள மாநிலத்துக்கு எதிராக ஒரு வங்கி நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கைப்பற்ற வழி சொல்லும் சட்டம், வரிசையை மாற்றவில்லை. மாநிலச் சட்டம் முதல் பாத்தியதை என்று சொன்னால் அது நிற்கும் என்று தீர்ப்பு. பம்பாய் விற்பனை வரிச் சட்டமும் அதே வழக்கில் பரிசீலிக்கப்பட்டது.

தீர்ப்பில் தோற்றதை வங்கிகள் பார்லிமெண்டில் ஜெயித்தன. 2016-இல் சர்ஃபாசி சட்டத்தைத் திருத்தி 26-ஈ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வங்கி தன் ஈட்டை மத்தியப் பதிவகத்தில் பதிவு செய்துவிட்டால், மற்ற எல்லாக் கடன்களுக்கும், மத்திய சர்க்கார், மாநில சர்க்கார், ஸ்தல ஸ்தாபனம் ஆகியவற்றின் வரி, தீர்வைகளுக்கும் முன்னால் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். 2020 ஜனவரி 24-ஆம் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. மகாராஷ்டிர வரி இலாகா விடவில்லை, வழக்கு நடந்தது. 2022 ஆகஸ்டு 30-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, பதிவு செய்த வங்கிக்கே முன்னுரிமை, பதிவு செய்யாத வங்கி அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வங்கித் தரப்பில் நின்றது ஜல்காவ்ன் பக்கத்துக் கூட்டுறவு வங்கி.

இதனால் கஜானாவுக்கு என்ன ஆயிற்று? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காகப் போடும் கணக்கு. பட்டறையின் இடமும் இயந்திரமும் ஏலத்தில் 10 கோடிக்குப் போகிறது. வங்கிக் கடன் 9 கோடி. விற்பனை வரி பாக்கி 2 கோடி. மாநகராட்சி வரி பாக்கி 40 லட்சம். தொழிலாளர் சம்பள பாக்கி 60 லட்சம். பழைய வரிசையில் இரண்டு வரிகளும் சேர்ந்து 2 கோடியே 40 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 7 கோடியே 60 லட்சம் வங்கிக்கு. புதிய வரிசையில் வங்கி 9 கோடியையும் எடுத்துவிடும். மிச்சம் ஒரு கோடி. அதில்தான் வரி இலாகாவும் மாநகராட்சியும் பங்கு போட வேண்டும். ஒரு கோடியே 40 லட்சம் கஜானாவிலிருந்து வங்கிக்கு இடம் மாறிவிட்டது. சட்டசபையில் வரி குறைப்பு என்று ஒருவரும் அறிவிக்கவில்லை, பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரு பிரிவு எழுதியதால் நடந்தது.

இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள், தாய்மார்களே. பழைய வரிசையில் தொழிலாளிக்கு என்ன வந்தது? பூஜ்யம். புதிய வரிசையில்? அதே பூஜ்யம். அடி வாங்கியது கஜானா. நம் இலை முன்பும் காலி, இப்போதும் காலி.

அப்படியானால் கஜானாவுக்காக நாம் ஏன் அழ வேண்டும் என்று இளைஞர் தோழர் ஒருவர் கமிட்டியில் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த விற்பனை வரி முதலாளியின் வீட்டுப் பணம் இல்லை. சரக்கை வாங்கியவனிடமிருந்து வரி என்று பில்லில் போட்டு வசூலித்த பணம். வசூலித்துவிட்டு இலாகாவில் கட்டாமல் தொழிலில் போட்டுவிட்டார்கள். கடைசியில் அது பாத்திரமும் பெட்டியும் வாங்கிய குடும்பங்களின் பணம், நம்முடைய பணம். மாநகராட்சி வரி என்பது நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தியோடு தமிழ் வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. அந்தப் பள்ளிகளுக்கு வாத்தியார் கேட்டு மனு கொடுக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் பதில், "ஃபண்ட் இல்லை" என்பதுதானே.

எதிர்க் கட்சியையும் சொல்லிவிடுகிறோம், ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது கூட்டம் ஆகாது. வங்கியின் பணமும் ஆகாயத்திலிருந்து வந்தது இல்லை. 2019 செப்டம்பரில் இதே நகரத்தில் ஒரு கூட்டுறவு வங்கி தடுமாறியபோது, முதலில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுக்க முடியாமல் வாசலில் நின்றவர்கள் நம் போன்ற குடும்பங்கள்தான். கொடுத்த கடன் வங்கிக்குத் திரும்பவில்லை என்றால் நாளை நாம் அந்த வாசலில் நிற்போம். ஈடு உறுதியாக இருந்தால் வட்டி குறையும், சிறு தொழில் பெருகும், அதனால் வரியும் பெருகும் என்று சட்டத்துக்காக வாதாடியவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் சத்து இல்லாமல் இல்லை. ஆனால் வரிசையில் வங்கி முன்னே போன நாளிலிருந்து எந்தச் சிறு பட்டறைக்கு வட்டி குறைந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. விட்டுக்கொடுத்தவன் கஜானாக்காரன், அதற்கு ஈடாக என்ன வந்தது என்று கணக்கு காட்ட வேண்டியவன் வங்கிக்காரன்.

சர்க்கார் பக்கத்துக் குறையும் உண்டு. அதே திருத்தத்தில், வரி இலாகாவும் தன் ஜப்தி உத்தரவை மத்தியப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்று பிரிவு இருக்கிறது. பதிவகத்தில் வங்கி ஈடு ஏறுவதற்கு முன்பே இலாகாவின் ஜப்தி ஏறியிருந்தால் சங்கதி வேறு மாதிரிப் போகும். பின்னால் ஏறினால் வங்கிக்கு அடங்கித்தான் நிற்க வேண்டும். ஆக ஒரு கோடியா, பூஜ்யமா என்பது ஒரு குமாஸ்தா எந்தத் தேதியில் முத்திரை குத்தினார் என்பதில் தொங்குகிறது. நாங்களும் குமாஸ்தாக்கள்தான், ஒரு ஃபைல் ஒரு மேஜையில் எட்டு மாதம் எப்படித் தூங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வங்கிக்காரன் கடன் கொடுத்த கையோடு 50 ரூபாயோ 100 ரூபாயோ கட்டிப் பதிந்துவிடுகிறான். இலாகா, பாக்கி நிர்ணயம், மேல்முறையீடு, மறு நிர்ணயம் என்று வருஷக் கணக்கில் நடந்து வருகிறது. ஆள் பற்றாக்குறை வேறு.

அடகுக் கடை விஷயத்திலும் மாநிலத்தின் கை தளர்ந்துதான் போயிற்று. 1946-ஆம் ஆண்டு பம்பாய் லேவாதேவிச் சட்டத்துக்குப் பதிலாக 2014-இல் மகாராஷ்டிரத்தில் புதிய சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விட்டால் ஐந்து வருஷம் வரை சிறை. அசலுக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பெரிய நகைக்கடன் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தவை. அவற்றை மாநில லேவாதேவிச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2022 மே 10-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளம், குஜராத் சட்டங்களைப் பற்றிய வழக்கு அது. ஆனால் தீர்ப்பின் அடிப்படை எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். லைசென்ஸ் கட்டணமும் போயிற்று, வட்டிக்குப் போட்ட மாநில வரம்பும் போயிற்று. நகை வைத்திருக்கும் அக்காமார்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. கடன் முழுதும் கட்டிய பின் ஏழு வேலை நாட்களுக்குள் நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவரின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை. கவுன்டரில் சத்தமாகச் சொல்லுங்கள்.

சரி, நம்ம காகிதம் எங்கே?

முதலாளி கம்பெனியாகப் பதிவு செய்திருந்து, அது திவாலாகிக் கலைக்கப்பட்டால் தொழிலாளிக்கு ஓர் இடம் உண்டு. 1985-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தித் தொழிலாளர் பாக்கியை ஈடு பெற்ற கடன்காரருக்குச் சமமாக வைத்தார்கள். சும்மா கிடைத்ததில்லை; ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலம் அது, இந்த நகரத்தில் 1982 மில் வேலைநிறுத்தத்தின் புகை அடங்காத நேரம். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அந்தச் சம இடத்தைக் கடைசி 24 மாதச் சம்பளத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. சர்க்கார் பாக்கியை அதற்கும் வெகு கீழே தள்ளியது. 2022 செப்டம்பரில் குஜராத் வரி இலாகா வழக்கில், மாநிலமும் ஈடு பெற்ற கடன்காரர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் மாநிலங்கள் சந்தோஷப்பட்டன. 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைத்த திருத்த மசோதாவிலோ, ஒப்பந்தத்தால் வந்த ஈடுதான் ஈடு, சட்டத்தின் பலத்தால் மட்டும் வருவது ஈடாகாது என்று எழுதினார்கள். ஒரு கை கொடுப்பதை மறு கை வாங்க வருகிறது.

நம் பட்டறை கம்பெனி கிடையாது என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். ஆகவே அந்த 24 மாத வரிசையும் நமக்கு இல்லை. 26-ஈ பிரிவில் "மற்ற எல்லாக் கடன்களும்" என்று ஒரு சொல் வருகிறதே, அதற்குள் அந்த அக்காவின் மூன்று மாதச் சம்பளமும் போய்விட்டது.

மிஞ்சியது ஒரு கதவு, பி.எஃப். 1952-ஆம் ஆண்டு வைப்புநிதிச் சட்டம் 11-ஆம் பிரிவில், முதலாளி கட்டாத பி.எஃப். பணம் சொத்தின் மேல் முதல் பாத்தியதை, மற்ற எல்லாக் கடனுக்கும் முந்தியது என்று எழுதி வைத்தது. 2009 அக்டோபரில் இந்த மாநிலத்துச் சர்க்கரை ஆலை வழக்கு ஒன்றில் இது சோதிக்கப்பட்டது. ஆலை தன் சர்க்கரை மூட்டைகளை மாநிலக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தது. மூட்டை எங்கள் பிடியில் என்றது வங்கி. அடகு வைத்த சரக்காக இருந்தாலும் தொழிலாளியின் பி.எஃப். பாக்கிக்குப் பிறகுதான் வங்கிக்கு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் படித்த அன்று நாங்கள் ஆபீசிலேயே டீ வாங்கிக் குடித்தோம்.

அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு பி.எஃப். ஆபீசுக்குப் போனோம். இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேருக்குத்தான் கணக்கு எண் இருந்தது. ஒன்பது பேர் டேக்கேதார் மூலம் வந்தவர்கள். எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. அந்த அக்கா ஒன்பதில் ஒருவர். பதினோரு வருஷம் வேலை செய்ததற்கு அவரிடம் இருந்த ஆதாரம், கேட்டில் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பாஸ், அதுவும் காலாவதி. பதின்மூன்று பேருக்காக இலாகா பாக்கி நிர்ணயித்து வங்கிக்குக் கடிதம் எழுதியது. இழுத்தடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி ஒரு பகுதி வந்தது. சம்பள பாக்கிக்கான பிராது லேபர் கோர்ட்டில் இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ஒன்பது பேருக்காகப் பக்கத்து டீக்கடைக்காரர், லாரி டிரைவர் என்று சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கிருந்து கமிட்டி இரண்டு முடிவு எடுத்திருக்கிறது. ஒன்று, நம் வட்டாரத்து சட்டசபை உறுப்பினரிடமும் மாநகராட்சி உறுப்பினரிடமும் மனு: ஜப்தி உத்தரவுகளைத் தாமதமில்லாமல் பதிவகத்தில் ஏற்ற இலாகாவுக்கு ஆள் போட வேண்டும், கம்பெனி அல்லாத தொழில்களிலும் மூன்று மாதச் சம்பளத்தையாவது வங்கிக்கு முன்னால் வைக்கும்படி மத்திய சர்க்காருக்கு மாநிலம் எழுத வேண்டும். மராத்தித் தோழர்களின் சங்கங்கள் இரண்டு இதில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஹிந்தி பேசும் தோழர்களிடமும் போகப் போகிறோம். அந்தப் பட்டறையில் நாற்பது பேர் அவர்கள்தான்.

இரண்டாவது, பெயர்ப் பதிவேடு. எந்தப் பட்டறை, எந்த மேஸ்திரி, எந்த டேக்கேதார், எந்த தேதியில் சேர்ந்தது, சம்பளம் எவ்வளவு, பி.எஃப். எண் உண்டா இல்லையா என்று ஒரு பெரிய நோட்டில் எழுதி வைக்கிறோம். பட்டறை நன்றாக ஓடும்போதே எழுத வேண்டும். கேட்டில் காகிதம் ஒட்டிய பிறகு மேஸ்திரி போனை எடுக்க மாட்டார். வருகிற ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை சங்க அறையில் உட்கார்ந்திருப்போம். சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் கேட் பாஸ், யூனிபார்ம், செல்போனில் மேஸ்திரி அனுப்பிய செய்தி, எதுவாக இருந்தாலும் சரி. வரும்போது பக்கத்து வீட்டு பீகார்க்காரரையும் கூட்டி வாருங்கள். எழுதிக்கொள்ள ஹிந்தி தெரிந்த தோழர் ஒருவர் இருப்பார்.